பறக்க விட்டவன் கேட்டில் நிற்கிறான்

என் அண்ணன் இருபது வருஷம் இந்திய விமானப்படையில் ஏவியானிக்ஸ் ஃபிட்டர். இப்போது சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கார் வந்தால் டிக்கியைத் திறக்கச் சொல்ல வேண்டும். கம்பி நுனியில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்க்க வேண்டும். வருகிறவன் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். இருபது வருஷம் அவன் போட்ட கையெழுத்தை நம்பி விமானம் கிளம்பியது. இன்று அடுத்தவன் கையெழுத்துக்காக நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமிருந்தும் பதில் வரும். தேசபக்தர் சொல்வார்: "பென்ஷன் வருதில்ல, அப்புறம் என்ன குறை?" நம் தோழர் சொல்வார்: "அரசின் ஒடுக்குமுறைக் கருவியில் போய்ச் சேர்ந்தவனுக்கு என்ன ஒப்பாரி?" இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தேசபக்தருக்குப் பாதி, தோழருக்குப் பாதி.

பென்ஷன் வருகிறது, மறைக்கவில்லை. வீட்டில் யாரும் பட்டினி இல்லை. நான் பேசுவது சோற்றைப் பற்றியல்ல, வித்தையைப் பற்றி. ஒரு தலித் இளைஞன் கையில் இந்த நாட்டின் மிக நுட்பமான தொழில்களில் ஒன்று இருபது வருஷம் இருந்தது. சீருடையைக் கழற்றிய மறுநாள் அது எங்கே போயிற்று? யார் பிடுங்கினார்கள்? எந்தச் சட்டத்தின் பேரால் பிடுங்கினார்கள்?

*

எங்கள் சேரி குடியாத்தம் பக்கம். தாத்தா ஊருக்கு வெட்டி வேலை செய்தவர். ராத்திரியில் வயல் காவல், களத்துக் காவல். சாவு விழுந்தால் ஊர் ஊராகப் போய்ச் சேதி சொல்ல வேண்டும். செத்த மாட்டைத் தூக்க வேண்டும். கூலி என்று பேசி வாங்க முடியாது, களத்தில் அள்ளிப் போடுவதுதான். 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. கர்ணமும் முன்சீப்பும் போனார்கள். எங்கள் தெருவுக்கு வந்து "இன்னிக்கி ராத்திரி காவலுக்கு எவன்டா வர்றது" என்று கூப்பிடுகிற குரல் மட்டும் அதற்குப் பிறகும் பல வருஷம் வந்தது.

நைனா அந்தக் காவலை உதறிவிட்டுத் தோல் ஷாப்புக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் விரலிடுக்கு வெந்து போயிருக்கும். கைநாட்டு. சம்பளப் பட்டியலில் கட்டை விரலை மையில் தோய்த்து வைக்கும்போது மேஸ்திரி கையைப் பிடித்து அழுத்துவானாம். வீட்டுக்கு வந்து அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். "எம் புள்ளைங்க பேனா புடிச்சிக் கையெழுத்துப் போடணும். எவனும் கையப் புடிச்சி அழுத்தக் கூடாது." அவர் பேசிய அரசியல் அவ்வளவுதான்.

அண்ணன் பிளஸ் டூவில் கணக்கும் பௌதிகமும் நன்றாகப் படித்தான். இன்ஜினியரிங் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. 2002இல் தாம்பரத்தில் ஆளெடுப்புக்குப் போய்த் தேறினான். பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி. பிறகு பெங்களூர் ஜாலஹள்ளியில் தொழில் பயிற்சி. அவன் அனுப்பிய மணியார்டரில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, கூரை வீடு ஓட்டு வீடானது, நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். சங்க இலக்கியத்துக்கு நான் உரை படித்துக்கொண்டிருந்த ராத்திரிகளில் அவன் எங்கோ வடக்கே ஹேங்கரில் சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்தான். இந்தக் கடனைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

*

ஏவியானிக்ஸ் என்றால் என்ன வேலை? நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

விமானத்தின் கண், காது, வாய், நரம்பு எல்லாம் அந்த வேலைக்குள் வரும். தரைக் கட்டுப்பாட்டோடு பேசும் ரேடியோ, திசை காட்டும் கருவி, இறங்கும்போது ஓடுபாதையின் கோட்டைக் காட்டும் கருவி, நம் விமானமா எதிரி விமானமா என்று ரேடாருக்குப் பதில் சொல்லும் பெட்டி, இவற்றையெல்லாம் இணைக்கும் கம்பிக் கட்டுகள். அண்ணன் எனக்குப் புரிய வைத்தது ரேடியோ ஆல்டிமீட்டரை. விமானத்தின் வயிற்றிலிருந்து அலை கீழே போகும், தரையில் பட்டுத் திரும்பி வரும். போய் வந்த கணக்கிலிருந்து உயரம் தெரியும். "ஒரு கனெக்டர் லூசா இருந்தா போதும்டா. மேகத்துக்குள்ள பைலட்டுக்குக் கண்ணு தெரியாது. முள்ளு காட்டறதத்தான் நம்புவான். முள்ளு பொய் சொன்னா மலை மேல போய் மோதுவான்."

அதனால் எல்லாம் கணக்கு. வேலைக்குப் போகும்போது டூல் பெட்டியை எண்ணி வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தால் அது கிடைக்கும் வரை அந்த விமானம் கிளம்பாது. பார்த்த வேலையை ஃபார்ம் 700 என்ற பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விமானி அதைப் பார்த்துத் தன் கையெழுத்தைப் போட்ட பிறகுதான் ஏறுவான். கைநாட்டு வைத்த நைனாவின் மகன் போட்ட கையெழுத்துக்குக் கீழே வந்தது அந்த அதிகாரியின் கையெழுத்து.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போயிற்று. 29 பேர். ஏழு வருஷத்துக்கு மேல் கழித்து, 2024 ஜனவரியில்தான் சென்னைக்குக் கிழக்கே கடலடியில் அதன் சிதைவுகள் தென்பட்டதாக அரசு அறிவித்தது. அந்தச் சமயம் அண்ணன் வேறொரு தளத்தில் இருந்தான். அந்த விமானத்தை அவன் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி போனில் அவன் குரல் சரியாக இல்லை. "அதே ஜாதி விமானத்துலதானடா நானும் கை வெக்கறேன். கண்ண மூடினா நான் போட்ட கையெழுத்தெல்லாம் வரிசையா வருது" என்றான். இந்தப் பொறுப்பைச் சுமந்த மூளையைத்தான் இந்தச் சமூகம் இன்று வாசலில் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்கிறது.

*

"பட்டாளத்தில் சாதி இல்லை" என்ற பேச்சைப் பார்ப்போம்.

தரைப்படையில் சாதிப் பெயரிலேயே ரெஜிமெண்டுகள் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் மூன்று பிரிவினரை மட்டுமே எடுப்பது வழக்கு மன்றம் வரை போய், அது வெறும் நடைமுறைத் தேவை என்று நியாயம் சொல்லப்பட்டது. விமானப்படையில் அப்படிச் சாதிப் பெயர் தாங்கிய பிரிவு கிடையாது. அந்த வகையில் அது மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே பாரக்கில் படுக்கலாம், ஒரே மெஸ்ஸில் தட்டேந்தலாம். எங்கள் ஊர் டீக்கடையில் தனி டம்ளரில் குடித்த பையனுக்கு இது சாதாரண விஷயமில்லை. அம்பேத்கரின் அப்பா சுபேதார் ராம்ஜி காலத்திலிருந்தே சீருடையை நம் சனங்கள் நேசித்ததற்குக் காரணம் இதுதான். நாட்டுப்பற்று அப்புறம். முதலில் மரியாதை.

ஆனால் சாதி சும்மா இருக்குமா? ஒரு தளத்தில் அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி: "பூரா நாம் க்யா ஹை?" முழுப் பெயர் என்ன? நம் ஆட்களுக்கு இனிஷியல்தான், பின்னொட்டு கிடையாது. அப்பா பெயரைச் சொன்னால், "அது அப்பா பெயர், உன் பெயர் எங்கே?" என்பான். சர்டிபிகேட்டைப் பார்க்காமலேயே சாதியைக் கண்டுபிடிக்க எத்தனை வழி! கடைசியில் ஒருநாள் இவனே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு ஒருவன் வீட்டு விசேஷத்துக்கு இவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். சண்டையில்லை, திட்டவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சாதி பெரும்பாலும் இந்த மாதிரிதான், சத்தமில்லாமல்.

படைகளில் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு கிடையாது. 1971 போரின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம், நம்மவர். 1977இல் மறுபடியும் அதே நாற்காலிக்கு வந்தார். அப்போதும் அது வரவில்லை. ஆக, அண்ணன் தன் மார்க்கை வைத்துப் பொதுப் போட்டியில்தான் உள்ளே போனான். 'கோட்டாவில் வந்தவன்' என்று எவனும் வாய் திறக்க முடியாது. சரி, திறமைதான் அளவுகோல் என்கிறீர்களே, அந்தத் திறமை வெளியே வந்ததும் ஏன் செல்லாக்காசானது?

*

2022இல் அண்ணன் வெளியே வந்தான். வயது 39. சிவில் விமானப் பராமரிப்பில் கையெழுத்துப் போட டி.ஜி.சி.ஏ. தரும் லைசென்ஸ் வேண்டும். ஏவியானிக்ஸுக்கு அது பி2 பிரிவு. மின்சார அடிப்படை, மின்னணு, டிஜிட்டல், பராமரிப்பு முறைகள், மனிதத் தவறுகள், விமானச் சட்டம் என்று பாடம் பாடமாகப் பரீட்சை. ஒவ்வொன்றிலும் 75 மார்க்குக்குக் குறைந்தால் ஃபெயில். எல்லாம் ஆங்கிலம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தான். மின்சாரமும் மின்னணுவும் முதல் தடவையே தேறினான். சட்டப் பாடம் இரண்டு தடவை விழுந்து மூன்றாம் தடவை எழுந்தான்.

பரீட்சை தேறினால் போதுமா? அனுபவம் வேண்டும். விதி என்ன சொல்கிறது? சிவில் சூழலுக்கு வெளியே பெற்ற பராமரிப்பு அனுபவம் சமமானது என்று கருதப்பட்டால் ஏற்கப்படும். ஆனால் அதற்கு மேல் சிவில் விமானப் பராமரிப்பிலும் அனுபவம் இருந்தாக வேண்டும். இந்த விதியை எடுத்தெறி என்று நான் சொல்லவில்லை. பயணிகள் உயிர் சம்பந்தப்பட்டது. ராணுவ விமானத்தில் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை வேறு, பயணி விமானத்தில் வேறு. சோவியத் ஏஎன்-32 பார்த்தவன் ஏர்பஸ் பார்க்க வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும். அண்ணனே சொல்வான்: "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி கையெழுத்துப் போடறவன் கொலகாரன்."

ஆனால் விமானத்துக்குள் ஓடுவது அங்கேயும் 115 வோல்ட், 400 சைக்கிள் மின்சாரம்தான், இங்கேயும் அதேதான். கம்பியைக் கிரிம்ப் செய்யும் கை அதே கை. பழுது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்கும் மூளை அதே மூளை. மீதியைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் சிவில் ஹேங்கரில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே நிற்க யார் விடுகிறார்கள்? நான் கேட்பது இதுதான்.

அண்ணன் ஏறி இறங்காத இடமில்லை. ஒரு தனியார் பராமரிப்பு நிறுவனத்தில், "இருபத்தொரு வயசுப் பையன்கள் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிப் படித்துவிட்டுச் சம்பளமே இல்லாமல் டிரெய்னியாக வரத் தயாராக இருக்கிறார்கள். நாற்பது வயசு ஆளை வைத்து நான் என்ன செய்ய" என்றார்கள். இன்னோர் இடத்தில், "நீங்கள் பார்த்த விமானம் எங்களிடம் இல்லையே" என்றார்கள். இன்னொருவர் ரொம்ப அன்பாகச் சொன்னார்: "சார், நீங்க எக்ஸ் சர்வீஸ்மேன். எங்க செக்யூரிட்டி பிரிவுல சூப்பர்வைசர் போஸ்ட் காலியா இருக்கு."

விமான ஹேங்கருக்குள் நுழையக் கூடாது, அதன் வாசலைக் காவல் காக்கலாம். இதற்கு வேறு பேர் இருக்கிறதே தோழர்களே, நம் தெருவுக்கு நன்றாகத் தெரிந்த பேர்!

அமெரிக்காவில் ராணுவத்தில் விமானம் பார்த்த வேலையை ஆவணத்தோடு காட்டினால் அந்த அனுபவத்தை எண்ணிப் பரீட்சைக்கு உட்கார விடும் விதி உண்டு. ஏவியானிக்ஸ் மட்டுமே பார்த்தவனுக்கு அங்கேயும் சுலபமில்லை என்கிறார்கள். நான் அமெரிக்காவைப் புகழவில்லை. வேண்டுமென்றால் வழி போட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

*

அரசு வேலை? முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பழைய குரூப் டி பணிகளில் 20 சதவீதமும் ஒதுக்கீடு என்று ஏட்டில் இருக்கிறது. பொதுத்துறையிலும் வங்கிகளிலும் 14.5, 24.5. கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, இது கிடைமட்ட ஒதுக்கீடு. தேர்வாகும் முன்னாள் வீரன் தலித்தாக இருந்தால் அவனைத் தலித்துக்கான இடத்திலேயே கணக்கு வைத்துவிடலாம். நாட்டுக்கு உழைத்ததற்குத் தந்த சலுகை, நம் பங்கிலிருந்து ஓர் இடத்தை எடுத்து நமக்கே கொடுப்பதாக முடிகிறது.

இரண்டு, மெட்ரிக் படித்துப் பதினைந்து வருஷம் படையில் இருந்தவனைப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதலாம் என்று ஒரு விதி. பெரிய மனசு! ஆனால் எந்த வேலைக்கு? தொழில்நுட்ப அனுபவம் அவசியமில்லாத குரூப் சி வேலைக்கு. யோசித்துப் பாருங்கள். தொழில்நுட்பத்திலேயே வாழ்ந்தவனைத் தொழில்நுட்பம் வேண்டாத இடத்தில் மட்டும் படித்தவன் என்று ஒப்புக்கொள்வார்களாம். கையால் கற்றதைக் கல்வி என்று ஒப்புக்கொள்ள இந்தச் சமூகத்துக்கு என்றைக்கு மனசு வந்திருக்கிறது? தோலைப் பதமாக்கத் தெரிந்தவனை வேதியியல் தெரிந்தவன் என்று யாராவது சொன்னார்களா? பறைக்கு வார் இழுத்து நெருப்பில் காட்டிச் சுருதி சேர்த்தவனை ஒலியியல் தெரிந்தவன் என்று சொன்னார்களா? கைவித்தை கீழ், காகித வித்தை மேல். பார்ப்பனியம் பூணூலில் மட்டும் இல்லை, இந்தப் படிக்கட்டிலும் இருக்கிறது. படிக்கட்டை டி.ஜி.சி.ஏ. ஆபீசில் புதிதாகக் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்ததில் லிப்ட் மாட்டியிருக்கிறார்கள், அதுவும் காசுள்ளவனுக்கு.

தனியார்மயத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அண்ணன் வெளியே வந்த அதே 2022இல், ஜனவரி 27ஆம் தேதி, ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அரசு விமானக் கம்பெனியாக இருந்தவரை அங்கே எஸ்.சி. ஒதுக்கீடும் உண்டு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீடும் உண்டு. தனியார் கைக்குப் போனதும் இரண்டும் இல்லை. விமானப் பராமரிப்புத் தொழில் வளர வேண்டும் என்று 2020இல் அதன் ஜி.எஸ்.டி.யை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2024இல் உதிரி பாகங்கள் இறக்குமதி வரியையும் ஒரே சீராக 5 சதவீதம் ஆக்கினார்கள். முதலாளிக்குச் சலுகை கொடுத்தாய், சரி. பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டாயா? "வருஷத்துக்கு இத்தனை முன்னாள் விமானப்படை ஃபிட்டர்களை, அதில் இத்தனை தலித் ஆதிவாசிகளை, உன் ஹேங்கரில் எடுத்துப் பழக்கு" என்று ஒரு வரி எழுதினாயா?

*

இது புதுக்கதை இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒத்திகை பார்த்த நாடகம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மகர்கள் வேண்டியிருந்தார்கள், எடுத்தான். பிறகு 'வீரமரபு' என்று ஒரு கதை கட்டி 1890களில் மகர்களுக்குப் படைக் கதவைச் சாத்தினான். எதிர்த்து மனு எழுதியவர் யார்? கோபால் பாபா வாலங்கர், ஓய்வு பெற்ற சிப்பாய். 1888இல் தீண்டாமைக்கு எதிராக மராத்தியில் சிறுநூல் எழுதியவர். முதல் உலகப் போர் வந்தது, மகர் படை ஒன்றைத் திரட்டினான், போர் முடிந்ததும் கலைத்தான். இரண்டாம் உலகப் போர் வந்தது, 1941இல் மகர் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்துவிட்டான். ஆபத்து வந்தால் ஆள் வேண்டும், ஆபத்து தீர்ந்தால் சாதி ஞாபகம் வரும்.

அம்பேத்கர் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். 1942இல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் போனதும், பட்டியல் சாதியாரின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். கல்வி உதவித்தொகையோடு அவர் நிறுத்தவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர், நம் பையன் கையில் ஸ்பானரைக் கொடு என்று கேட்டார் தோழர்களே. எதற்கு? நாளைய உலகத்தின் அதிகாரம் இயந்திரத்தில் இருக்கும், அதைத் தொட விடாமல் வைத்தால் அதுவும் ஒரு தீண்டாமைதான் என்று அவருக்குத் தெரியும்.

*

இப்போது தோழர் பக்கத்துக்கு வருகிறேன்.

நம் பத்திரிகைகளைப் புரட்டுங்கள். சாவு மேளம், மாட்டுக்கறி, சேற்று வயல், சாதிக் கலவரம். இவற்றை எழுத வேண்டும், எழுதினோம், இன்னும் எழுதுவோம். ஆனால் சர்க்யூட் வரைபடம் படிக்கத் தெரிந்த தலித் நம் கதையில் ஏன் இல்லை? அவனை எழுதினால் வலி குறைந்துவிடும் என்று பயமா? 'சேரியின் அசல்' என்று எதையோ பிடித்து வைத்துக்கொண்டு, அதில் அடங்காதவனை வெளியே நிறுத்துகிறோம். அண்ணன் மாதிரி ஆட்கள் ஊருக்கு வந்தால் 'மிலிட்டரிக்காரர்' என்று ரம் பாட்டில் கேட்கத் தெரிகிறது. அவன் கையில் என்ன தொழில் இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டோமா? நானே கேட்டதில்லை. எம்.ஏ. படித்த திமிரில் பத்து வருஷம் அவனிடம் பேசியது பணத்தைப் பற்றி மட்டும்தான். தளையும் தொடையும் தெரிந்த எனக்கு ஆல்டிமீட்டர் தெரியவில்லை. அதை ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

'ஒடுக்குமுறைக் கருவி' என்கிறீர்கள். படை என்பது அரசின் கருவிதான், மறுக்கவில்லை. காஷ்மீரும் வடகிழக்கும் எனக்கும் தெரியும். ஆனால் கருவியைப் பற்றிப் பேசுகிற நீங்கள் அதன் உள்ளே மாட்டிக்கொண்ட தொழிலாளியை ஏன் தொழிலாளி என்று எண்ணுவதில்லை? ரயில்வே ஃபிட்டருக்குச் சங்கம் உண்டு. அவனுக்காகக் கொடி பிடிக்கிறீர்கள். படையிலிருப்பவன் சங்கம் வைக்க முடியாது, சட்டம் விடாது. வெளியே வந்த பிறகாவது அவனைக் கூட்டிச் சேர்க்க நாம் போனோமா? போனது யார்? அவனைத் திரட்டி ஊர்வலத்தில் மெடலோடு நடக்க வைத்து ஓட்டு வாங்குகிறவர்கள்தான் போனார்கள்.

*

கடைசியாக ஒன்று. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் இதுதான்.

அண்ணன் மகன் பிளஸ் டூ முடிக்கிறான். அப்பா மாதிரியே அவனுக்கும் விமானத்தில் பைத்தியம். 2022 ஜூன் 14 அன்று அறிவித்தார்களே அக்னிபாத், அதில் விமானப்படைக்குப் போக வேண்டும் என்கிறான். நாலு வருஷம். நாலில் ஒருவருக்கு மேல் நிரந்தரம் கிடையாது. மற்ற மூன்று பேருக்கு 11.71 லட்சம் பணம். பென்ஷன் இல்லை. 'முன்னாள் படைவீரர்' என்ற பேர்கூட இல்லை. இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்கே ஹேங்கர் கதவு திறக்கவில்லை, நாலு வருஷம் பார்த்தவனுக்குத் திறக்குமா? ஒரு மெக்கானிக்கின் கை பக்குவப்படவே நாலு வருஷம் ஆகும் என்கிறான் அண்ணன். பக்குவப்படும் நேரத்தில் வெளியே அனுப்புவார்கள். வெளியே வருகிறவர்களுக்கு என்ன காட்டினார்கள்? முதலில் சொன்னது துணை ராணுவப் படைகளில் 10 சதவீதம். அதாவது மறுபடியும் துப்பாக்கி, மறுபடியும் காவல். தாத்தா களத்தைக் காத்தார். அண்ணன் கம்பெனி கேட்டைக் காக்கிறான். பையன் எதைக் காக்கப் போகிறான்?

பதினெட்டு வயது முடியாத பையன் என்றால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "டேய், நீ படிச்சவன், நீ சொல்லு. போடட்டுமா வேணாமா?" என்று என்னைக் கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றால் பையனுக்கு நான் காட்டும் மாற்று வழி என்ன? தோல் ஷாப்பா? தனியார் காலேஜில் லட்சக்கணக்கில் கட்ட நம்மிடம் ஏது? போடு என்றால் 22 வயதில் அவன் நிற்கப் போகும் கேட் என் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் கேள்வி என் அண்ணன் வீட்டுக் கேள்வி மட்டுமா? வட ஆற்காட்டுச் சேரிகளில் எத்தனை வீட்டில் இந்தப் படிவம் மேசை மேல் கிடக்கிறது?

அதனால் கேட்கிறேன். படையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தொழில்நுட்ப ஊழியனுக்கும் அவன் பணியின் கடைசி வருஷத்தைச் சிவில் பராமரிப்பு நிலையத்தில் சம்பளத்தோடு கழிக்க வழி செய். லைசென்ஸ் கேட்கும் அனுபவம் அதில் கழியட்டும். டி.ஜி.சி.ஏ. பரீட்சைச் செலவை அரசு ஏற்கட்டும். வரிச் சலுகை வாங்கும் தனியார் பராமரிப்பு நிறுவனங்களில் இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கு. முன்னாள் வீரர் ஒதுக்கீட்டைத் தலித்தின் பங்கில் கழிக்காதே. எந்தச் சாதியார் எத்தனை பேர் தொழில்நுட்பப் பணியிலிருந்து வெளியேறி எந்த வேலைக்குப் போனார்கள் என்று கணக்கெடுத்து வெளியிடு. நாலு வருஷத்தில் வெளியே தள்ளும் திட்டத்தை நிறுத்து.

அரசிடம் கேட்பது இது. நம்மிடம் கேட்பது சின்னது. உங்கள் தெருவில் படையிலிருந்து திரும்பிய ஒரு ஃபிட்டர் இருப்பான். இன்று சாயங்காலம் போய் அவனிடம் கேளுங்கள், அண்ணே, உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று. அவன் சொல்வதை எழுதுங்கள், ஆட்களைச் சேருங்கள். கோரிக்கை அங்கிருந்து வரட்டும்.

படிவம் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. அண்ணன் கையெழுத்துப் போடவில்லை.